பெட்டிக்கும் பொட்டு வைத்தோம்

ஆம்பூர், ஷூ அப்பர் ஜாப் ஒர்க் நடத்துகிறவர்:

எங்கள் யூனிட்டில் 14 பேர். தோல் வெட்டும் கிளிக்கிங் மெஷின் இரண்டு, தையல் மெஷின் எட்டு, பசை ஒட்டும் மேசை ஒன்று. பெரிய கம்பெனிகளுக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், வெட்டித் தைத்துக் கொடுப்பது வேலை. வாசலுக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே, வெள்ளை முதலுதவிப் பெட்டி ஒன்று தொங்கியது. ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கு வைக்கிற சந்தனமும் குங்குமமும் அதற்கும் உண்டு. மற்ற 364 நாளும் அதை யாரும் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

2017 மார்ச்சில் ஒரு நாள், கிளிக்கிங் மெஷினில் நின்ற பையனின் ஆள்காட்டி விரல் நுனி வெட்டுகிற டைக்கு அடியில் போய்விட்டது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்க வேண்டும். வேகம் போதவில்லை என்று ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கி வைத்திருந்தார்கள். சுற்றியது நான் இல்லை. சுற்றியிருந்தது எனக்குத் தெரியும்.

கூச்சல் கேட்டு ஓடினேன். ஒருவர் காப்பித்தூள் டப்பாவோடு நிற்கிறார். இன்னொருவர் மெஷின் எண்ணெய் துடைக்கிற துணியால் கையைச் சுற்றுகிறார். பெட்டியைத் திறந்தால் பழைய டெலிவரி சலான் கட்டு, காலாவதியான தலைவலி மாத்திரை, பாதி எரிந்த ஊதுவத்தி, கொஞ்சம் பஞ்சு. அந்தப் பஞ்சும் விளக்குத் திரிக்கு வாங்கியது. துண்டான நுனியைத் தேடி எடுத்தது தையலில் இருக்கிற அக்கா. பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, அதற்குள் புதைத்து எடுத்துக்கொண்டு வேலூருக்குக் காரில் பறந்தோம்.

மருத்துவர் கவரைப் பிரித்துப் பார்த்தார். "ஐஸில் நேராகவா போட்டீர்கள்?" என்றார். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டுமாம். நேராக ஐஸில் பட்டால் சதை உறைந்து செத்துவிடும். விரல் நசுங்கியிருந்ததால் எப்படியிருந்தாலும் ஒட்டியிருக்காது என்றும் பிறகு சொன்னார். என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தோம், வந்தார். புதுப் பெட்டி வாங்கி மாட்டியிருந்தேன். அதைப் பெருமையாகக் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதற்குப் பொறுப்பு யார்? அவருடைய முதலுதவிச் சான்றிதழ் எங்கே?" என்றார். அப்போது நடப்பில் இருந்த 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45 ஆவது பிரிவு 150 பேருக்கு ஒரு பெட்டியாவது வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். வேலை நேரம் முழுக்க அவர் அங்கேயே கிடைக்க வேண்டும். விதித்த பொருளைத் தவிர வேறெதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஊதுவத்தி உட்பட.

உங்கள் இடத்தில் நடந்ததையும் எழுதுங்கள். கம்பெனி பெயரோ ஆள் பெயரோ வேண்டாம்.

வாணியம்பாடி, தோல் பதனிடும் டேனரியில் 31 வருடம் சூப்பர்வைசர்:

பட்டன் விஷயத்தை ஒப்புக்கொண்டாயே தம்பி, அதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் இடத்தில் கழிவுநீர்க் குழி. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்போம். அந்தத் தண்ணீரோடு, தோலைப் பிக்கிள் செய்த, அதாவது அமிலத்தில் ஊற வைத்த தண்ணீர் ஒரே குழியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் இருக்கிற வரை பயந்து வெளியே ஓடிவிடலாம். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "வாசனை போயிடுச்சு பாய், இறங்கலாம்" என்று ஒருவன் சொன்னால் அப்போதுதான் அவனைக் கட்டிப் பிடிக்க வேண்டும். காற்றைவிடக் கனமான வாயு, குழிக்குள்ளேயே படுத்துக் கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழி சுத்தம் செய்ய ஒப்பந்தத்தில் நான்கு பேர் வந்தார்கள். முதலில் இறங்கியவன் ஏணியின் கடைசிப் படியிலேயே சாய்ந்தான். மேலே நின்றவன் அவனுடைய சித்தப்பா மகன். "அண்ணா" என்று கத்திக்கொண்டு காலை உள்ளே வைத்துவிட்டான். நான் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் விழுந்தேன். திரும்பி என் வாயில் குத்தினான், பல் ஒன்று போயிற்று. விடவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு அவன்மேல் உட்கார வைத்தேன். தீயணைப்பு வண்டி வந்து, மூச்சுக் கருவி மாட்டியவர்கள் இறங்கி, முதல் ஆளைத் தூக்கினார்கள். உயிர் இல்லை.

அந்த மாதிரி குழிக்குள் வாயுவைச் சோதிக்காமல், கருவியும் கயிறும் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது என்று அதே 1948 சட்டத்தில் 36 ஆவது பிரிவு இருந்தது. எனக்கு அது தெரியாது. அதற்கு ஆறு மாதம் முன்பு முதலுதவி வகுப்பு எடுக்க வந்த ஒரு நர்ஸம்மா சொன்ன ஒரே வாக்கியம்தான் தெரியும்: "மயங்கினவரைக் காப்பாற்றக் குதிக்கிறவர்தான் இரண்டாவது பிணம்." அன்று வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். பாண்டேஜ் கட்டுவது எதுவும் எனக்கு நினைவில்லை, அது மட்டும் தங்கியது.

காப்பாற்றப்பட்டவன் இன்றைக்கும் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான்.

இன்னொன்று. எங்கள் பக்கம் இப்போது தோல் சுழற்றும் டிரம்மில் வேலை செய்கிறவர்களில் பீகார், வங்காளப் பையன்கள் நிறைய. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து இறந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். தூக்கத்திலேயே போய்விட்டார்கள், அங்கே எந்த முதலுதவிக்கும் வேலையில்லை. ஆனால் நீங்கள் வகுப்பு வைத்தால் தமிழில் மட்டும் வைக்காதீர்கள்.

வேலூர், ஓட்டல்:

எங்களுடையது சமையலறைக் கதை, சின்னது. வடைச் சட்டியில் ஜல்லிக்கரண்டி நழுவி, உதவியாளர் முழங்கையில் எண்ணெய் தெறித்தது. கல்லாவில் இருந்தவர் பேனா மை கொண்டு வந்தார். சப்ளையர் பற்பசை. மாஸ்டர் யாரையும் கேட்கவில்லை, இட்லி மாவை ஒரு கரண்டி எடுத்து அப்பிவிட்டார். மருத்துவமனையில் அந்தக் காய்ந்த மாவைச் சுரண்டி எடுத்தபோதுதான் பையன் அழுதான், சுட்டபோது அழவில்லை.

பிறகு கற்றுக்கொண்டது: ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம். வேறு எதுவும் வேண்டாம், ஐஸ்கூட வேண்டாம். வறண்ட பாலாற்றங்கரை ஊரில் 20 நிமிடம் குழாயைத் திறந்துவை என்றால் மாஸ்டர் சிரிக்கிறார். ஆகவே அடுப்படிக்கு வெளியே கேன் தண்ணீர் இரண்டு, எப்போதும் நிரம்பியபடி. குடிக்க எடுத்தால் திட்டு விழும்.

காட்பாடி, லேத் பட்டறை:

எல்லாரும் எழுதுவது சரி. என்னிடம் ஏழு பேர். சட்டம் எனக்கு இல்லை என்று எங்கள் ஆடிட்டரே சொன்னார். ஒருவனை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினால் அன்றைய லேத் நிற்கிறது, கூலி நான் கொடுக்கிறேன், கட்டணம் நான் கட்டுகிறேன். சான்றிதழ் கையில் வந்த மூன்றாம் மாதம் ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்தது என்று போய்விடுகிறான். போனவனோடு முதலுதவியும் போயிற்று. இதற்கு யாராவது வழி சொல்லிவிட்டு எனக்கு உபதேசம் செய்யுங்கள்.

வேலூர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு பார்க்கிறவர்:

காட்பாடி அண்ணனுக்கு. ஆடிட்டர் சொன்னது பாதி சரி. மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் என்பது பழைய சட்டம் தொழிற்சாலைக்குக் கிழித்த கோடு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற, 2020 ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பில் அந்தக் கோடு 20, 40 என்று உயர்ந்துவிட்டது. இதைச் சொன்னதும் என்னிடம் வருகிற முதலாளிகள் முகம் மலரும். அடுத்த வரியில் சுருங்கும்: அந்தத் தொகுப்பு தொழிற்சாலையை மட்டும் பார்ப்பதில்லை. 10 பேர் வேலை செய்கிற கடை, ஓட்டல் எல்லாமே அதில் 'நிறுவனம்'. முதலுதவிப் பெட்டி வேலை நேரம் முழுவதும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 24 ஆவது பிரிவு.

ஏழே பேர் என்றாலும் வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு முதலாளி பொறுப்புதான். 1923 ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் தொட்டே அப்படி. இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு வந்துவிடும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளி பங்கு 0.75. கட்டியிருந்தால் வேலையில் பட்ட காயத்துக்கான பணத்தை இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும். பத்தாவது ஆளைக் காட்டாமல் 'ஒன்பது' என்று எழுதுகிற இடங்கள் எனக்குத் தெரியும். சொன்னால் நாளைக்கு எனக்குப் பிழைப்பு இருக்காது. ஆனால் அடிபடுவது எப்போதும் அந்தப் பத்தாவது ஆளாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் புதிதாக வந்தவன் அவன்தான்.

பெட்டிக்குச் சாமான் வாங்கும்போது பழைய பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். 1971 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகளில் பாம்புக்கடிக்கென்று ஒரு கத்தியும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் இருந்தன. இன்றைய மருத்துவர்கள் கடிவாயைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, அசைக்காமல் கொண்டுவா என்கிறார்கள்.

பேரணாம்பட்டு, தையல் லைன் மேற்பார்வை:

அண்ணன்மாரே, ஒரு லைனில் 30 பெண்கள் எனக்கு. ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்தது. நொடியில் மூன்று சாவிக்கொத்து கையில் திணிக்கப்பட்டது. நான்காவது ஆள் பூட்டையே கழற்றிக்கொண்டு வந்தார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனார், கையைத் தட்டிவிட்டேன். செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: பக்கத்தில் இருந்த மெஷினை நிறுத்தினேன், தலைக்கு அடியில் துப்பட்டாவை மடித்து வைத்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இரண்டரை நிமிடத்தில் நின்றது, ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். சும்மா நின்று மணி பார்த்தேன் என்று அன்று சாயங்காலம் வரை என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், வெளியில் சொல்லாதீர்கள் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு எந்த வகுப்பிலும் பாடம் இல்லை.

வகுப்பைப் பற்றி ஒன்று. எங்களுக்கு நெஞ்சை அமுக்கிக் காட்டியவர் ஆண். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், 30 அமுக்கலுக்கு இரண்டு மூச்சு என்று நன்றாகத்தான் சொன்னார். பொம்மை முன்னால் மண்டியிட்டுக் குனிய ஒரு பெண்ணும் எழவில்லை. அடுத்த முறை நர்ஸ் ஒருவரை அழைத்து, கதவைச் சாத்திவிட்டு வைத்தார்கள். வரிசை கட்டி வந்தோம். 'யூனிட்டுக்கு ஒருவர்' என்று கணக்குப் பார்த்து அனுப்புகிறீர்களே, அந்த ஒருவர் எப்போதும் ஆணாகவே இருக்கிறார். லைனில் நிற்பது நாங்கள்.

ஆம்பூர், ஷூ அப்பர் ஜாப் ஒர்க்:

காட்பாடி அண்ணன் கேட்டதற்கு: நானும் முதலில் ஒருவனைத்தான் அனுப்பினேன், அவனும் போய்விட்டான். அதன் பிறகு எங்கள் தெருவில் நான்கு யூனிட் சேர்ந்து ஒரே வகுப்பு வைத்தோம். தலைக்கு ஆகும் செலவு குறைந்தது. ஒருவன் போனாலும் மூன்றாவது வீட்டில் இன்னொருவர் இருப்பார். எங்கள் யூனிட்டில் இப்போது பெட்டிக்குப் பொறுப்பு, அன்று விரல் நுனியைத் தேடி எடுத்த அக்கா. உள்ளே என்ன குறைகிறது என்று ஒன்றாம் தேதி சீட்டு எழுதித் தருகிறார். தராவிட்டால் சம்பளப் பட்டுவாடாவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்ல நினைத்தேன், அவர் என்னிடம் அதையே திருப்பிச் சொன்னார்: சாமான் வாங்கித் தராவிட்டால் சலானில் கையெழுத்துப் போட மாட்டாராம்.

அந்தப் பையன் எங்களிடமே இருக்கிறான், பேக்கிங்கில். பட்டனில் டேப் இல்லை.

அடுத்த வகுப்பு வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு. காலையில் பெண்களுக்கு நர்ஸ், மதியம் ஆண்களுக்கு. இந்தியில் சொல்ல, சான்றிதழ் வாங்கிய பீகார் பையன் ஒருவனே வருகிறான். வாணியம்பாடி பாய் குழி விஷயத்தைத் தாமே வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். காட்பாடி அண்ணன் தனியாக எழுதியிருந்தார், இரண்டு பேரை அனுப்புகிறாராம், மதியச் சாப்பாடு உண்டா என்று கேட்டார். பிரியாணி.