புதுப்பிப்பு: எங்கள் இல்லத்து மாணவர்களின் ஓராண்டு

எங்கள் விடுதி இல்லத்து மாணவர்கள் எடின்பரோ கோமகன் விருது (Duke of Edinburgh's Award) என்ற, இளைஞர்களுக்கான பிரிட்டிஷ் விருதுத் திட்டத்தின் முதல் நிலையான வெண்கலத்தில் சேர்ந்திருப்பதாகக் கல்வியாண்டின் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருந்தீர்கள். சேர்ந்த அனைவரும் முடித்துவிட்டார்கள்!

1956இல் தொடங்கிய இந்த விருதுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. தொண்டு, உடற்பயிற்சி, ஒரு திறன் ஆகியவற்றை மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். அதோடு ஓர் இரவு கூடாரத்தில் தங்கி இரண்டு நாள் பயணம். மழையில் ஊறிப்போன வரைபடத்தை ஒருவன் முழங்காலில் விரித்துப் பிடிக்க, இன்னொருவன் அதன்மேல் திசைகாட்டியை வைத்து வழி சொன்னான். முந்தைய பருவம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாதவர்கள் அந்த இருவரும்.

இல்லங்களுக்கு இடையிலான தடகளத்தில் இரண்டாம் இடம், விவாதத்தில் கோப்பை. மகிழ்ச்சிதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மாலைப் படிப்பு நேரத்தில் மூத்தவர்கள் தாமாகவே இளையவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்கள். முதல் வாரங்களில் வீட்டு நினைவில் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த சிறுவன், ஆண்டு விழாவில் தனியாக வயலின் வாசித்தான். விரல்கள் நடுங்கின, வில் நிற்கவில்லை.

வெள்ளி நிலைக்கு இப்போதே பெயர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.