அப்பாவின் நாக்குப் புண் ஆறவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மலேசியாவில் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது. 30 வருஷமாகச் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிக்கிறார், வெற்றிலை பாக்கும் உண்டு. நாக்கின் இடது ஓரத்தில் வந்த புண் 4 வாரமாகியும் ஆறவில்லை. நேற்று ரசம் சோறு எரிகிறதென்று தட்டைத் தள்ளிவிட்டார். புண்ணின் ஓரம் தடித்திருப்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

நாள்பட்ட குடியால் போலேட் சத்து குறையும், எதிர்ப்புச் சக்தியும் தளரும், அதனால் புண் ஆறத் தாமதமாகும் என்றார் கிளினிக் டாக்டர். ஆனால் 2 வாரம் தாண்டினால் புற்றுநோயா என்று சதை எடுத்துப் பார்த்தே ஆகணுமாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் கொடுத்துவிட்டார்.

அப்பா வரமாட்டேன் என்கிறார். குடியைத் திடீரென நிறுத்தினால் கை நடுங்குகிறது, அதற்கும் மருத்துவ உதவி வேண்டும். அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் வீட்டில் இப்படிப் பிடிவாதம் பிடித்தவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? சதை எடுத்த பிறகு எத்தனை நாள் சாப்பிடச் சிரமம் இருந்தது?