எஸ்.ஏ.ஆர்.: கையேட்டுக்கு ஒரு சொல் தேவை

மலர்விழி:
அன்பர்களுக்கு வணக்கம். கைப்பேசிப் பாதுகாப்புக் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ஸ்பெசிஃபிக் அப்சார்ப்ஷன் ரேட்’ (சுருக்கமாக எஸ்.ஏ.ஆர்.) என்ற இடத்தில் நிற்கிறது. வரைவில் ‘குறிப்பிட்ட உறிஞ்சுதல் விகிதம்’ என்றிருக்கிறது. ஒரு கிலோ உடல்திசு எத்தனை வாட் ரேடியோ அலைத் திறனை ஏற்கிறது என்பதே பொருள். இந்திய வரம்பு 1.6 வாட்/கிலோ, 1 கிராம் திசுவின் சராசரி. ஐரோப்பாவில் தலைக்கும் உடலுக்கும் 2 வாட்/கிலோ, 10 கிராம் சராசரி.

இளங்கோ:
‘குறிப்பிட்ட’ கூடவே கூடாது அம்மா. இயற்பியலில் இந்த ‘ஸ்பெசிஃபிக்’ ஓரலகு நிறைக்கு என்பதைக் குறிக்கும். தன்வெப்பத்தில் (ஸ்பெசிஃபிக் ஹீட்) உள்ள ‘தன்’ இங்கும் பொருந்தும். ‘விகிதம்’ அதைவிடத் தவறு, 1.6 என்பதை விழுக்காடாகப் படித்துவிடுவார்கள். ‘தன் உட்கவர் வீதம்’ என்க. கவர்தல் பழஞ்சொல், ‘காய்கவர்ந் தற்று’ என்ற குறளில் அது உண்பதையே சுட்டுகிறது. கவர் என்பதற்குக் கிளை என்றும் பொருள் உண்டு. கவட்டை, கவடு எல்லாம் அதன் உறவு. கிளைத்துப் பற்றுவதே கவர்தல் என்பது என் துணிபு.

நிலானி:
இலங்கைப் பாடநூல்களில் ‘அகத்துறிஞ்சல்’. மேற்பரப்பில் ஒட்டுவது ‘புறத்துறிஞ்சல்’. இணையாக நிற்பதால் மாணவர் குழம்புவதில்லை. கைப்பேசிக் கையேட்டில் ‘கவர்’ என்றால் வாசகர் உறையைத்தான் நினைப்பார். அதே பக்கத்தில் ‘உலோகம் கலந்த கவர் போடாதீர்கள்’ என்றும் வருமே!

செந்தில்:
அளக்கும் முறையைப் பாருங்கள். தலை வடிவ ஓட்டில் திசுவின் மின்பண்புள்ள திரவத்தை நிரப்பி, கைப்பேசியை அதன் உச்சத் திறனில் இயக்குவார்கள். இயந்திரக் கை ஓர் உணர்கோலைத் திரவத்துக்குள் நகர்த்தி மின்புலத்தை அளக்கும். மின்புலத்தின் இருமடியைக் கடத்துதிறனால் பெருக்கி, அடர்த்தியால் வகுத்தால் விடை. வாட்டிலேயே நொடி அடங்கிவிட்டதால் ‘வீதம்’ மிகை. ‘தன் ஏற்புத்திறன்’ போதும்.

இளங்கோ:
போதாது. ‘தன்வெப்ப ஏற்புத்திறன்’ ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது. அதில் ‘திறன்’ கொள்ளளவைச் சுட்டுகிறது, நீங்கள் சொல்வது வாட்டை. திசு வெப்பமாவதைப் பற்றிய பக்கத்திலேயே இரண்டும் மோதும். இன்னொன்று: வரைவின் தலைப்பில் ‘கதிரியக்கம்’ என்றிருக்கிறது. அது அணுக்கருச் சிதைவுக்கு உரியது. ரேடியோ அலைக்கு அணுவை அயனியாக்கும் ஆற்றல் இல்லை. ‘கதிர்வீச்சு’ என்று உடனே மாற்றுங்கள். வீண் பீதி கிளம்பும்.

மலர்விழி:
மாற்றிவிட்டேன் ஐயா. ஆனால் வாசகர் *#07# அழுத்தினால் திரையில் தெரிவது ‘எஸ்.ஏ.ஆர்.’ தானே? தமிழ்ச்சொல் மட்டும் அச்சிட்டால் அந்த எண்ணோடு பொருத்திப் பார்க்க முடியாது.

செந்தில்:
இரண்டையும் சேர்த்தே போடுங்கள். எது போட்டாலும் கீழே ஒரு வரி அவசியம்: அந்த எண் சோதனையில் கிடைத்த உச்சம். கோபுர அலைவரவு நன்றாக இருந்தால் கைப்பேசி தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே 0.9 உள்ளதைவிட 1.2 உள்ளது எப்போதும் அதிகம் வீசும் என்று கொள்ளக் கூடாது.

மலர்விழி:
‘தன் ஏற்பு வீதம் – எஸ்.ஏ.ஆர்.’ என்று அனுப்புகிறேன். இளங்கோ ஐயாவின் ‘தன்’னும் ‘வீத’மும், செந்திலின் ‘ஏற்பு’ம். மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள்.

நிலானி:
எனக்கு மறுப்பு உண்டு. ‘ஏற்பு’ என்றால் உடல் இசைந்து வாங்கிக்கொள்வதுபோல் ஒலிக்கிறது. சொற்பட்டியலிலாவது ‘அகத்துறிஞ்சல்’ இடம்பெற வேண்டும்.