உடம்பைப் பற்றிப் படித்தது கைக்குப் புரிந்த நேரம்: மூன்று பேர் எழுதியவை

மருத்துவக் கல்லூரி முதலாமாண்டில், இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில் என் கையில் கொடுத்த இதயம் ஏறக்குறைய என் முஷ்டி அளவுதான் இருந்தது. உடல் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலின் நெடியில் கண் எரிந்தது. திறந்து வைத்திருந்த கீழறைச் சுவர்களை விரலிடையில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் மூன்று மடங்கு தடிமன். வலது, அருகிலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். இடது, உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டும். இதை மனப்பாடமாகச் சொல்வேன், ஆனால் அன்றுதான் நம்பினேன்.

பிறகு வலது மேலறையின் உள்சுவரில் ஓரிடத்தைத் தடவச் சொன்னார் பேராசிரியர். ஈரக் களிமண்ணில் பெருவிரலை அழுத்தி எடுத்தாற்போல ஒரு குழி. ஃபாஸா ஓவேலிஸ். கருவில் அது திறந்த துவாரம். அப்போது நுரையீரலுக்கு வேலையில்லை; ரத்தம் குறுக்கே புகுந்து இடப்பக்கம் போய்விடும். பிறந்து மூச்சை இழுத்ததும் நுரையீரலுக்கு ரத்தம் பாய்கிறது, இடது மேலறையில் அழுத்தம் கூடுகிறது, துவாரத்தின் மடிப்பு சாத்திக்கொள்கிறது. (பெரியவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டுவதில்லை, பெரும்பாலும் தொல்லையும் இல்லை.) தன் உடலையே கொடுத்துவிட்டுப் போன யாரோ ஒருவருடைய முதல் மூச்சின் தடத்தில் என் விரல் இருந்தது. வெகுநேரம் எடுக்க மனம் வரவில்லை.

—

நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று காட்டிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட சோதனையை வகுப்பில் செய்ய வைப்பேன். மேல்கையில் துணியைக் கட்டினால் இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் முன்கைச் சிரைகள் புடைக்கும். நடுநடுவே முடிச்சுப் போலத் தெரிபவை வால்வுகள், ஒருவழிக் கதவுகள். ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, மறுவிரலால் ரத்தத்தை முழங்கைப் பக்கமாக அடுத்த வால்வுக்கு மேலே வழித்துவிடுங்கள். இடையில் உள்ள பகுதி தட்டையாகவே கிடக்கும். மேலேயிருந்து ஒரு சொட்டும் இறங்காது. அழுத்திய விரலை எடுத்தால் குபுக்கென நிரம்பும்.

ஒரு மாணவி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: “தமனியில போனது சிரைக்கு எந்த வழியா வருது சார்?” ஹார்விக்கும் அந்த வழி கண்ணில் படவில்லை. அவர் 1657இல் இறந்தார். 1661இல்தான் இத்தாலிய மருத்துவர் மால்பீகி தவளையின் நுரையீரலில், தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக மெல்லிய குழாய்களான தந்துகிகளை நுண்ணோக்கி வழியே கண்டார். அவளிடம் இதைச் சொன்னபோது என் குரல் தழுதழுத்தது.

—

உயிரியல் ஆசிரியர் சார், நீங்கள் எழுதிய சிரைச் சோதனையை இப்போதே செய்து பார்த்தேன். முதல் தடவை வரவில்லை, விரலை மணிக்கட்டை நோக்கி வழித்துவிட்டேன். திசை மாற்றியதும் வந்துவிட்டது. கையில் கட்டிய துணியை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள், கை மரத்துப்போகிறது.