மைஎஸ்க்யூஎல் 5.7, 8.0 இரண்டுக்கும் ஒரே பைதான் ஸ்கிரிப்ட்: இணைப்புச் சிக்கல்

கேள்வி:
வணக்கம். இரண்டு சர்வர்களிலிருந்து விற்பனை விவரங்களை எடுத்து, இரவுதோறும் ஒரே அறிக்கையாகத் தொகுக்கும் பைதான் ஸ்கிரிப்ட் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். பழைய சர்வரில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் 5.7 பதிப்பு, புதியதில் 8.0. இணைப்புக்கு பைமைஎஸ்க்யூஎல் லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். 5.7 ஒழுங்காக இணைகிறது. 8.0 சர்வரை மறுதொடக்கம் செய்துவிட்டாலோ, கிரிப்டோகிராஃபி தொகுப்பு தேவை என்ற பிழையுடன் ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. அதே கணக்கில் நான் கட்டளை வரி வழியாக ஒருமுறை உள்ளே சென்றுவந்தால், பிறகு ஸ்கிரிப்டும் இணைகிறது. கணக்கைப் பழைய நேட்டிவ் பாஸ்வேர்ட் என்னும் கடவுச்சொல் சரிபார்ப்பு முறைக்கு மாற்றிவிடும்படி அலுவலகத்தில் கூறுகிறார்கள். அது சரியா, அல்லது இரண்டு ஸ்கிரிப்ட்களாகப் பிரித்துவிடலாமா?

பதில் 1:
இரண்டுமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 8.0இல் கணக்குகளுக்கு இயல்பாக அமைவது கேச்சிங் ஷா2 என்னும் சரிபார்ப்பு முறை. ஒரு பயனர் முதன்முறை நுழையும்போது கடவுச்சொல் முழுமையாகச் சரிபார்க்கப்படும். அதற்கு டிஎல்எஸ் எனப்படும் மறையாக்கப்பட்ட இணைப்போ, கடவுச்சொல்லை மட்டும் மறைத்து அனுப்பும் ஆர்எஸ்ஏ மறையாக்கமோ கட்டாயம். அந்தச் சரிபார்ப்பு முடிந்ததும் கடவுச்சொல்லின் ஹாஷ் சுருக்கம் சர்வரின் நினைவகத்தில் தங்கிவிடுவதால், அடுத்தடுத்த நுழைவுகள் மறையாக்கம் இல்லாமலும் நடந்துவிடும். மறுதொடக்கத்தில் அந்த நினைவகம் காலியாகிவிடுகிறது. கட்டளை வரி நிரல் இயல்பாகவே டிஎல்எஸ் வழியாகச் செல்வதால் அதை மீண்டும் நிரப்பித் தருகிறது. நீங்கள் கண்டது இதைத்தான்.

கிரிப்டோகிராஃபி தொகுப்பை நிறுவுங்கள். முடிந்தால் டிஎல்எஸ்ஸையும் இயக்குங்கள். எந்த முறையில் சரிபார்க்க வேண்டும் என்பதைச் சர்வரே இணைப்பின் தொடக்கத்தில் தெரிவித்துவிடுவதால், ஸ்கிரிப்டில் பதிப்புக்கு ஏற்பப் பிரிக்க வேண்டிய தேவை எழாது. நேட்டிவ் பாஸ்வேர்ட் முறை 8.4இல் இயல்பாக முடக்கப்பட்டு, 2024இல் வந்த 9.0இல் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. இன்று அதற்கு மாறினால் அடுத்த மேம்படுத்தலில் இதே வேலையை மீண்டும் செய்ய நேரிடும்.

பதில் 2:
இணைந்துவிட்டால் மட்டும் போதாது, வினவல்களையும் பாருங்கள். 5.7இல் குரூப் பை (குழுவாக்கும் கட்டளை) எழுதினாலே முடிவுகள் வரிசைப்பட்டு வரும்; 8.0இல் அந்த வழக்கம் எடுக்கப்பட்டுவிட்டதால், ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) இல்லாத அறிக்கைகள் பிழை எதுவும் காட்டாமலேயே வரிசை மாறி வரக்கூடும். இதைத்தான் முதலில் திருத்துவேன். ரேங்க், குரூப்ஸ் போன்றவை 8.0இல் மைஎஸ்க்யூஎல் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்களாகிவிட்டதால், அப்பெயருள்ள நெடுவரிசைகளைப் பேக்டிக் (`) குறிக்குள் எழுதுங்கள், 5.7உம் அதை ஏற்கும். விண்டோ ஃபங்ஷன்கள் (தொடர்புடைய வரிசைகளைச் சேர்த்துப் பார்த்து ஒவ்வொரு வரிசைக்கும் கணக்கிடுபவை) 5.7இல் கிடையாது என்பதால் பொது வினவல்களில் அவற்றைத் தவிர்க்கவும்.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால், எழுத்துத் தொகுப்பு யூடிஎஃப்8எம்பி4 (எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோட் வடிவம்) என்று இணைப்பிலேயே குறிப்பிடுங்கள். 5.7 சர்வரின் இயல்பு எழுத்துத் தொகுப்பு, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1. அத்தொகுப்பில் உருவான அட்டவணையில் தமிழைச் சேமிக்கவே முடியாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தொகுப்பை நிறுவியதும் 8.0 சீராக இணைகிறது. ஆனால் டிஎல்எஸ்ஸை இயக்கினால் இப்போது 5.7 மறுக்கிறது. அதன் பதிப்பு 5.7.20.

பதில் 1:
காரணம் அந்தப் பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். 5.7.28க்கு முந்தைய கம்யூனிட்டி (இலவச) வெளியீடுகள் டிஎல்எஸ் 1.1 வரை மட்டுமே அறிந்தவை. இன்றைய பைதான் இயல்பாக 1.2க்குக் குறைந்ததை ஏற்பதில்லை. 5.7 வரிசையின் கடைசி வெளியீடான 5.7.44க்கு உயர்த்துங்கள். அதுவரை டிஎல்எஸ் அமைப்பை ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாக அமைவுக் கோப்பில் வைத்து, ஸ்கிரிப்ட் அதைப் படித்துக்கொள்ளும்படி செய்யலாம். 5.7க்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டதால், அந்தச் சர்வரை 8.0க்குக் கொண்டுசெல்லும் திட்டத்தையும் உடனே தொடங்குங்கள்.