வெளிநாட்டு கிரிக்கெட் கிளப்புக்கு ஆடப் போனவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இடதுகைச் சுழல்:
சென்னை லீகில் ஆடிக்கொண்டிருந்தவன், 21 வயசில் ஒரு சீசன் இங்கிலாந்தின் லங்காஷையரில் சின்ன ஊர் கிளப் ஒன்றுக்குப் போனேன். குளிர், அங்கே ஆடும் டியூக்ஸ் வகைப் பந்து எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மே மாதம் ஒரு ஆட்டத்தில் 63 அடித்தேன். ஐம்பது அடித்தவனுக்காக மைதானத்தைச் சுற்றிப் பெட்டி வரும், பார்க்க வந்தவர்கள் காசு போடுவார்கள். அங்கே அது பழைய வழக்கம். ஒரு பொடியன் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டேன், குளித்தேன், கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன்.

ஐம்பது அடித்தவன் கிளப் பாரில் டீமுக்கு ஒரு ஜக் பீர் வாங்க வேண்டுமாம். யாரும் சொல்லவில்லை. நான் குடிக்கிற ஆளும் இல்லை, அந்தப் பக்கமே போனதில்லை. அடுத்த சனிக்கிழமை டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு காலி ஜக். காசை வாங்கிக்கொண்டு ஓடியவன் என்று நினைத்துவிட்டார்களே என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

மதுரை அக்கா:
என் தம்பி மெல்பர்னில் ஆடினான். அங்கே ஒரே மேட்ச் இரண்டு சனிக்கிழமை நடக்கும். 2016 தீபாவளி சனிக்கிழமையில் வந்தது. விடியற்காலை வீடியோ காலில் அம்மா, "எண்ணெய் தேய்ச்சியாப்பா?" என்று கேட்டார். மைதானத்துக் கார் நிறுத்தத்தில் நின்றுகொண்டு "தேய்ச்சிட்டேம்மா" என்றான். முடி காற்றில் பறக்கிறது, ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அம்மாவுக்கும் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

லெஸ்டர்வாசி:
இடதுகை தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரும் சொல்லவில்லை என்கிறீர்கள், நீங்கள் யாரையாவது கேட்டீர்களா? 1929இல் வெஸ்ட் இண்டீஸின் கறுப்பின வீரர் லியரி கான்ஸ்டன்டைன் டிரினிடாடிலிருந்து லங்காஷையரின் நெல்சன் ஊர் கிளப்புக்கு வந்தபோது தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவரும் 1937 வரை ஆடினார், அந்த ஊரிலேயே குடியிருந்தார். பிறகு பிரபுப் பட்டம் வாங்கும்போது அதில் நெல்சன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அந்த நெருக்கம் பழகிப் பழகித்தான் வந்திருக்கும்.

இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மேட்ச் முடிந்ததும் ஓடாதீர்கள், அரை மணி நேரமாவது பாரில் உட்காருங்கள். ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஜக் வாங்குகிறவன் குடித்தாக வேண்டும் என்று இல்லை. கேப்டனை 'சார்' என்று கூப்பிடாதீர்கள், பெயர் சொன்னால்தான் அவர்களுக்கு நிம்மதி. மழை வந்தால் பிட்ச்சை மூடும் கவர் இழுக்க முதல் ஆளாக ஓடுங்கள். டீ போடும் அம்மாக்களிடம் நன்றி சொல்லாமல் தட்டை வைக்காதீர்கள். சின்ன குக்கர் ஒன்று, பருப்புப் பொடி இரண்டு கிலோ கொண்டுபோங்கள். ஸ்வெட்டர் இரண்டு போதாது, மூன்று. ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஜன்னலுக்குக் கனமான திரை கேட்டு வாங்குங்கள்.

மதுரை அக்கா:
அண்ணா, அவர் கேட்டது ஆறுதல். 21 வயசுப் பையன் புது ஊரில் யாரிடம் போய் என்னவென்று கேட்பான்? இப்படி ஒரு வழக்கம் இருப்பது தெரிந்தால்தானே கேட்கவே முடியும்?

இடதுகைச் சுழல்:
பரவாயில்லை அக்கா, அண்ணன் சொல்வதும் சரிதான். அடுத்த ஐம்பதுக்கு இரண்டு ஜக்காக வாங்கிவிடலாம் என்று தனியாகப் பணம் எடுத்து வைத்திருந்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் 48இல் எல்பிடபிள்யூ. அந்த சீசனில் மறுபடி ஐம்பதைத் தொடவே இல்லை.