உள்ளூர்த் தானிய விருந்து: உழவருக்கு என்ன மிச்சம்?

கதிரடி:
சுற்றுவட்டாரத்தில் விளைந்த தானியங்களை மட்டும் வைத்து ஓர் உணவகம் நடத்திய ஏழு சுற்று ருசி விருந்துக்குப் போய்வந்தேன். சுற்றுக்கு ஒரு தானியம். விளைவித்தவரே மேசைக்கு வந்து அதைப் பற்றிப் பேசினார். வறுத்த பார்லியைக் குழைய வேகவைத்துக் கொடுத்தார்கள், அந்த மணம் இன்னும் போகவில்லை. உலகம் பயிர்களிலிருந்து பெறும் கலோரியில் ஏறத்தாழப் பாதி நெல், கோதுமை, மக்காச்சோளம் மூன்றிலிருந்தே வருகிறது. மற்றவற்றின் ருசியையே மறந்துவிட்டோம். இப்படிப்பட்ட விருந்துகள் இன்னும் நிறைய நடக்கவேண்டும்.

களத்துமேடு:
ருசியில் எனக்குச் சண்டையில்லை. கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு 150 கிராம் தானியம், 60 பேர் என்று வைத்தால் 9 கிலோ. ஒரு மூட்டைகூடக் காலியாகாது. மேசையருகே நிற்கவைத்துக் கைதட்டி அனுப்பிய அந்த உழவர் மிச்ச விளைச்சலை யாரிடம் விற்பார்? அடுத்த அறுப்பையும் எடுத்துக்கொள்கிறோம் என்று யாராவது அவரிடம் சொன்னார்களா?

திரிகை:
சின்ன மாவு மில் நடத்துகிறேன், அதனால் இது எனக்கு நெருக்கமான விஷயம். களத்துமேடு சொல்வது பாதி சரி. விதைப்புக்கும் தட்டுக்கும் நடுவில் நாங்கள் இருக்கிறோம், அதை இருவருமே விட்டுவிட்டீர்கள். தினை, சாமை, வரகு எல்லாம் உமியோடு வருபவை. ஒவ்வொன்றின் மணியும் ஒரு அளவு, சல்லடையை மாற்றவேண்டும், இயந்திரத்தைத் திருத்தி வைக்கவேண்டும். உமி நீக்க அருகில் ஆளில்லை என்றால் யாரும் விதைக்கவே மாட்டார்கள். மாவிலும் ஒரு சிக்கல் உண்டு. உருளைகளால் அரைக்கும் பெரிய ஆலைகள் மணிக்குள் இருக்கும் முளைக்கருவையும் தவிட்டையும் பிரித்துவிடுவதால் வெள்ளை மாவு மாதக்கணக்கில் தாங்கும். முழுத்தானிய மாவில் முளைக்கருவின் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறிப்போகும், கம்பு மாவு சில நாளிலேயே கசக்கும். அரைத்த சூட்டோடு வாங்க அருகில் ஒரு சமையலறை இருப்பது எங்களுக்குப் பெரிய பலம். ஒரு விருந்தில் தொடங்கினாலும் தொடங்கட்டுமே!

எண்ணிப்பார்:
அந்த விருந்தின் உணவுப் பட்டியலில் 'குறைந்த தூரம், குறைந்த மாசு' என்று போட்டிருந்தால் அதை எதிர்க்கிறேன். அமெரிக்க உணவுமுறையைப் பற்றி 2008இல் வந்த ஆய்வு, உணவால் வரும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 11 சதவீதம் என்றது. பெரும்பங்கு விளைவிப்பதிலேயே வருகிறது. பக்கத்து வயலில் தழைச்சத்து உரத்தைக் கொட்டி விளைத்தால் தூரம் குறைந்து என்ன பயன்? 'இந்த மண்ணில் பிறந்த தானியம்' என்பதையும் யோசித்துச் சொல்லவேண்டும். கம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலும், தினை வட சீனாவிலும், கோதுமை மேற்காசியாவிலும் முதன்முதலில் பயிரானவை.

கதிரடி:
மாசு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஏற்கிறேன். பிறந்த இடத்தைப் பற்றி நான் பேசவில்லை. ஒரு வட்டாரத்தின் மழைக்கும் மண்ணுக்கும் தலைமுறைகளாகப் பழகிய ரகங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். விதை வங்கியில் வைத்தால் போதாதா என்பார்கள். சிரியப் போரால் அலெப்போ அருகிலிருந்த விதை வங்கியை அணுகமுடியாமல் போனபோது, 2015இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவிலுள்ள உலக விதைப் பெட்டகத்திலிருந்து விதையைத் திரும்ப எடுத்தார்கள். அது பெரிய காப்பு. ஆனால் குளிரில் உறங்கும் விதை மாறிவரும் மழைக்குப் பழகாது. அதற்கு வயலில் விளையவேண்டும், விளைய ஒருவர் சாப்பிடவேண்டும்.

களத்துமேடு:
சாப்பிடவேண்டும், அதையேதான் நானும் கேட்கிறேன். கோதுமை போடும் நிலத்தில் இடையிடையே பார்லி, அவரையினம், மண்ணைக் காக்கப் போடும் மூடுபயிர் எல்லாம் மாற்றிமாற்றிப் போட்டால்தான் மண் தேறும். அந்த இடைப்பயிர்கள்தான் விலைபோகாமல் கிடக்கின்றன. அமெரிக்கச் சமையற்கலைஞர் டான் பார்பர் அப்படிப்பட்ட சுழற்சிப் பயிர்களையே ஒன்றாக்கி ஓர் உணவாகப் பரிமாறினார். ஏழு தானியங்களை மட்டும் நட்சத்திரமாக்கிக் காட்டுவதைவிட அது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

திரிகை:
பார்பர் வழி எங்களுக்கும் நல்லது. எந்தப் பயிர் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் சல்லடை வாங்கத் துணிவு வரும்.

கதிரடி:
நாளை அந்த உணவகத்துக்கே போய்க் கேட்கிறேன். அந்த பார்லி மதியச் சாப்பாட்டில் உண்டா, வருடத்துக்கு எத்தனை மூட்டை எடுப்பார்கள் என்று. வந்த பதிலை அப்படியே இங்கே எழுதுகிறேன்.